முழங்கால் சில்லு உடைந்தால்: கட்டா, கம்பியா, பிளேட்டா, அப்புறம் அந்தக் கம்பியை எடுப்பதா

விழுந்த அன்று டாக்டர் என்னைச் செய்யச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். முட்டியை மடக்காமல், காலை நேராக வைத்தபடியே குதிகாலைக் கட்டிலிலிருந்து நாலு விரல் உயரம் தூக்குங்கள் என்றார். தூக்கப் பார்த்தேன். தொடை லேசாக இறுகியது, கால் கிடந்த இடத்திலேயே கிடந்தது. வலியால் தூக்க முடியாமல் போவதை முன்பு அனுபவித்திருக்கிறேன், ஆனால் தூக்கு என்று நான் சொல்வது வழியிலேயே எங்கோ அறுந்துபோகிற மாதிரி ஒரு உணர்வு அதற்கு முன் எனக்கு வந்ததே இல்லை. எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்பே அவருக்குப் பாதி விடை தெரிந்துவிட்டது.

அந்தச் சோதனைக்கு ஏன் அவ்வளவு மதிப்பு என்று புரிந்தால் பின்னால் வரும் முடிவுகள் எல்லாமே கொஞ்சம் தெளிவாகும். தொடையின் முன்பக்கத் தசை கீழே இறங்கித் தசைநாணாக மாறி, கீழ்க்கால் எலும்பின் முன்பக்கத்தில் போய்ப் பிடிக்கிறது. முட்டிச் சில்லு அந்தக் கயிற்றுக்குள்ளேயே பதிந்து கிடக்கிற எலும்பு, இந்த வகை எலும்புகளில் உடம்பிலேயே பெரியது இதுதான். கயிற்றைச் சற்று முன்னால் தள்ளிப் பிடிப்பதால், காலை நீட்டும்போது தசைக்குக் கூடுதல் பலம் கிடைக்கிறது, கிணற்றுக் கப்பி மாதிரி. சில்லு குறுக்காக உடைந்துவிட்டால் மேல்துண்டைத் தொடைத் தசை மேலே இழுத்துக்கொண்டு போய்விடும். மற்ற எலும்பு என்றால் ஆட்டாமல் வைத்தால் கூடிவிடும் என்று இருக்கலாம். இங்கே தசை சும்மா இருப்பதில்லை, அதற்குப் பயந்து ரொம்ப நாள் ஆட்டாமலே வைத்தால் மூட்டு இறுகிப்போகிறது. கட்டா ஆபரேஷனா என்பதில் தொடங்கி, எப்போது மடக்குவது, கம்பியை எடுப்பதா என்பது வரை எல்லா முடிவும் இந்த இழுபறிக்குள்தான் நடக்கிறது.

சரி, முதல் கேள்வி, ஆபரேஷன் தேவையா. காலைத் தூக்க முடிகிறது, துண்டுகளுக்கு நடுவே இடைவெளி இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் இருக்கிறது, மூட்டுப் பக்கத்தில் படி மாதிரி ஏற்ற இறக்கம் 2 மில்லிமீட்டருக்குள் இருக்கிறது என்றால், பெரும்பாலும் கட்டு போதும். காலை நீட்டிய நிலையில் மாவுக்கட்டோ பிரேஸோ போட்டு நாலிலிருந்து ஆறு வாரம், அதைப் போட்டுக்கொண்டே காலை ஊன்றி நடக்கலாம். இப்படித் தப்பிக்க முடிந்தவர்கள் தப்பித்துக்கொள்வதே நல்லது என்பது என் எண்ணம், தழும்பு இல்லை, உள்ளே உலோகம் இல்லை, பின்னால் நான் சொல்லப்போகிற தொல்லைகளில் பாதி இல்லை. ஒன்றே ஒன்று, முதல் இரண்டு வாரத்துக்குள் மறுபடி எக்ஸ்ரே எடுத்துத் துண்டுகள் விலகவில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும், வலி குறைந்துவிட்டது என்று அதைத் தள்ளிப்போடக் கூடாது. தூக்க முடியாதது வலியாலா, நிஜமாகவே தொடர்பு அறுந்ததாலா என்று சந்தேகம் இருந்தால், மூட்டில் தேங்கிய ரத்தத்தை ஊசியால் எடுத்துவிட்டு மரத்துப்போகும் மருந்தை உள்ளே செலுத்தி மறுபடி தூக்கச் சொல்லிப் பார்ப்பதும் உண்டு. இன்னொன்று, சிலருக்குச் சில்லு பிறவியிலேயே இரண்டு துண்டாக இருக்கும், பெரும்பாலும் மேல்பக்க வெளி மூலையில், விளிம்புகள் மழமழவென்று உருண்டையாகத் தெரியும். அடிபட்ட அன்று எடுத்த எக்ஸ்ரேயில் அதை முறிவு என்று நினைத்துப் பயந்தவர்கள் இருக்கிறார்கள்.

துண்டுகள் விலகி, காலும் தூக்க வரவில்லை என்றால் ஆபரேஷன்தான். தோல் கிழிந்து எலும்பு வெளியே தொடர்புபட்டிருந்தால் அது அவசரமும்கூட. ரொம்ப வயதாகி, வீட்டுக்குள் நாலடி நடந்தால் போதும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு மட்டும், விலகியிருந்தாலும் கட்டோடு விடுவதைப் பற்றி டாக்டர்கள் பேசுவார்கள். காலை முழுசாக நீட்ட வராது, ஆனால் மயக்க மருந்தின் ஆபத்தும் தையல் பிரியும் ஆபத்தும் இல்லை. அது விட்டுக்கொடுத்து எடுக்கிற முடிவு, தவறான முடிவு என்று சொல்ல மாட்டேன்.

எதை வைத்துச் சேர்ப்பது என்பதில் நமக்கு இருக்கிற குரல் உண்மையில் சின்னது, உடைந்த விதமே பாதியைத் தீர்மானித்துவிடும். இருந்தாலும் தெரிந்துகொண்டு போனால் டாக்டர் சொல்வது புரியும். காலம் காலமாகச் செய்வது டென்ஷன் பேண்ட் வயரிங். சில்லுக்குள் மேலிருந்து கீழாக இரண்டு நேர்க்கம்பி, அவற்றின் நுனிகளைச் சுற்றி முன்பக்கமாக எட்டு போட்ட மாதிரி மெல்லிய கம்பி. இதில் அழகு என்னவென்றால், முட்டியை மடக்கும்போது துண்டுகளைப் பிரிக்கப் பார்க்கிற அதே இழுவிசையை முன்பக்கத்துக் கம்பி தாங்கிக்கொண்டு, பின்பக்கத்தில், அதாவது மூட்டுப் பக்கத்தில், துண்டுகளை ஒன்றோடொன்று அழுத்தும் விசையாக மாற்றிவிடுகிறது. சில்லுக்குக் கம்பி போடுவதே பழைய கதை, 1877ல் லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் ஜோசப் லிஸ்டர் உடைந்த சில்லை வெள்ளிக் கம்பியால் கட்டினார், கிருமிநாசினி முறையை நம்பி ஒரு மூட்டைத் திறந்து பார்க்கத் துணிந்த காலம் அது.

இந்த முறையின் பலவீனம் அந்தக் கம்பி நுனிகள். சில்லின் மேல் தோலும் அதற்கடியில் மெல்லிய படலமும்தான், மூடிக்கொள்ள வேறு சதை கிடையாது. அதனால் சிலர் நேர்க்கம்பிக்குப் பதிலாக உள்ளே துளையுள்ள ஸ்க்ரூ போட்டு, அதன் வழியாகவே கம்பியைக் கோத்துக் கட்டுகிறார்கள், நுனி உறுத்துவது குறைகிறது, குறுக்கே சுத்தமாக இரண்டாக உடைந்த சில்லுக்கு இது நல்ல வழி. உலோகக் கம்பிக்குப் பதில் வலுவான நூலால் கட்டுவதும் இப்போது நடக்கிறது, அதன் ஆதாயம் மறு ஆபரேஷன் குறைவது. நாலைந்து துண்டாக நொறுங்கியிருந்தால் நேர்க்கம்பியும் ஸ்க்ரூவும் பிடித்து நிற்க இடம் கிடைக்காது, அங்கேதான் மெல்லிய லாக்கிங் பிளேட், அதாவது ஸ்க்ரூக்கள் தன்னோடேயே பூட்டிக்கொள்கிற உலோகத் தகடு, கைகொடுக்கிறது. நொறுங்கிய சில்லுக்கு என்னைக் கேட்டால் பிளேட் பக்கம் சாய்வேன், ஆனால் அதைவிட முக்கியம் அந்த டாக்டர் எதை அடிக்கடி போட்டுக் கைபழகியிருக்கிறார் என்பது. இந்தக் கேள்வியைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

கீழ்நுனி மட்டும் தூளாகியிருந்தால் அந்தத் தூளை எடுத்துவிட்டுத் தசைநாணை மீதிச் சில்லோடு தைப்பார்கள். முழுச் சில்லையும் எடுத்துவிடுவது கடைசி வழி. 1937ல் ரால்ஃப் புரூக் என்ற அறுவை மருத்துவர் உடைந்த சில்லை எடுத்துவிடலாம், கால் நன்றாகவே இயங்கும் என்று வாதிட்டார், கொஞ்ச காலம் அது பரவலாகவும் நடந்தது. பிறகுதான் கப்பி போனால் காலை நீட்டும் பலம் எவ்வளவு குறைகிறது என்று அளந்து பார்த்துப் பின்வாங்கினார்கள். இன்று எந்த டாக்டரும் ஒரு துண்டையாவது காப்பாற்றத்தான் பார்ப்பார்.

இனி நிஜமாகவே நம் கையில் இருக்கிற விஷயத்துக்கு வருகிறேன். ஆபரேஷன் முடிந்த பிறகு சீக்கிரம் மடக்க ஆரம்பிப்பதா, பூட்டி வைத்துக் காத்திருப்பதா. சீக்கிரம் மடக்கினால் மூட்டு இறுகாது, குருத்தெலும்புக்கு நல்லது, தொடைத் தசை முழுக்கத் தூங்கிவிடாது. ஆனால் பிடிமானம் லேசாக இருந்தால் கம்பி தளரலாம், துண்டு விலகலாம், மறுபடி ஆபரேஷன் மேசைக்குப் போக வேண்டியிருக்கும். பூட்டி வைத்தால் சேர்ப்பு பத்திரம், ஆனால் ஆறு வாரம் கழித்துத் திறக்கும்போது முட்டி நாற்பது டிகிரிக்கு மேல் வராமல் அழவைக்கும். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு, அதனால் இதில் பொதுவான விடையைத் தேடி அலைவதைவிட ஆபரேஷன் செய்தவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: மேசையில் வைத்து மடக்கிப் பார்த்தீர்களா, எத்தனை டிகிரி வரை அசையாமல் நின்றது? அவர் கண்ணால் பார்த்த அந்த எண்தான் உங்களுக்கான எல்லை. எலும்பு திடமாக, இரண்டு துண்டாக, கம்பி இறுக்கமாக இருந்தால் முதல் இரண்டு வாரத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாக ஆரம்பித்து ஆறு வாரத்தில் தொண்ணூறைத் தொடுவது பலருக்கும் நடக்கிறது. எலும்பு மெலிந்தவர்களுக்கும் நொறுங்கினவர்களுக்கும் அது தள்ளிப்போகும். தள்ளிப்போனால் தோற்றுவிட்டதாக நினைக்க வேண்டாம், மூன்று மாதம் தாண்டியும் மடக்கம் நகராமல் நின்றுவிட்டால் மயக்கம் கொடுத்து மடக்கிவிடுவது, மூட்டுக்குள் கேமரா விட்டு, உள்ளே ஒட்டிக்கொண்ட தழும்புத் திசுவை விடுவிப்பது என்று வழிகள் இருக்கின்றன.

நடப்பதைப் பற்றிப் பலரும் தலைகீழாகப் பயப்படுகிறார்கள். பிரேஸை நேராகப் பூட்டிக்கொண்டு காலை ஊன்றி நடப்பது பெரும்பாலும் முதல் நாட்களிலேயே அனுமதிக்கப்படும், ஏனென்றால் கால் நேராக இருக்கும்போது உடல் எடை சில்லு வழியாக இறங்குவதே இல்லை. ஆபத்து மடக்கிய முட்டியில் எடை ஏறும்போதுதான். சில்லுக்கும் தொடையெலும்புக்கும் நடுவில் வரும் அழுத்தம், சாதாரணமாக நடக்கும்போது உடல் எடையில் ஏறத்தாழப் பாதி, மாடிப்படியில் மூன்று மடங்குக்கு மேல், ஆழமாகக் குந்தி எழும்போது ஏழெட்டு மடங்கு. நடைபாதையில் தைரியமாக நடக்கிறவர் ஒரு படி இறங்கும்போது முட்டி தளர்ந்து கைப்பிடியைப் பிடிப்பதற்குக் காரணம் இதுதான். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். இந்த வரிசையைப் படி முன்னால் நின்று யோசிக்கிற நிலை இல்லாமல் உடம்புக்குப் பழக்கிவிடுங்கள்.

ஆனால் எல்லாவற்றையும்விட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது தொடைத் தசையைப் பற்றி. ஆபரேஷனுக்குப் பிறகு முதல் வாரம் பிசியோதெரபிஸ்ட் என் முட்டிக்கடியில் சுருட்டின துண்டை வைத்து, "காலைத் தூக்க வேண்டாம், துண்டைக் கீழே அமுக்குங்க, அது போதும்" என்றார். அமுக்கினேன், எதுவும் நடக்கவில்லை. அவர் என் ஆள்காட்டி விரலை எடுத்து நல்ல காலின் சில்லுக்கு மேலே, உள்பக்கமாகத் துளிர்த்து நிற்கிற அந்தச் சதைமேல் வைத்து, இந்தக் காலை முதலில் அமுக்குங்க என்றார். விரலுக்கடியில் சதை கல்லாக எழும்பியது. இன்னொரு விரலை அடிபட்ட காலில் அதே இடத்தில் வைத்தால் பஞ்சு. ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை இரண்டு விரலையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒன்பதாம் நாள் மாலை அந்த விரலுக்கடியில் ஒரு துடிப்பு, கண் இமை அடிக்கிற அளவுக்குத்தான், ஆனால் வந்தது. அன்றுதான் எனக்கு முதன்முதலாக நம்பிக்கை வந்தது, எக்ஸ்ரே பார்த்தபோதுகூட அப்படி வரவில்லை. மூட்டில் வீக்கம் இருக்கும்வரை மூளையே அந்தத் தசையை அணைத்து வைத்திருக்கும், அதனால் வீக்கத்தைக் குறைப்பதும் தசையை எழுப்புவதும் ஒரே வேலைதான்.

வீட்டிலேயே செய்வதா, பிசியோவிடம் போவதா என்று கேட்பவர்களுக்கு: முதல் மூன்று மாதம் வாரம் ஒரு முறையாவது யாராவது அளந்து பார்க்கட்டும். மடக்கம் எத்தனை டிகிரி, காலைத் தூக்கும்போது முட்டி எவ்வளவு தொங்குகிறது, இந்த இரண்டு எண்ணும் நம் கண்ணுக்கு நாமே பார்த்தால் ஏமாற்றும். மீதி ஆறு நாளும் வீட்டில் நாம்தான் செய்ய வேண்டும், அதை யாரும் வந்து செய்துதர முடியாது. நடுவில் கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, தையலில் சிவப்பும் கசிவும் காய்ச்சலும் சேர்ந்து வந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அடுத்த அப்பாயின்ட்மென்ட்வரை பொறுத்திருக்கக் கூடாது. புகைபிடிப்பவர்கள் எலும்பு கூடும்வரையாவது நிறுத்துங்கள், அது கூடுவதை நிஜமாகவே தாமதப்படுத்துகிறது.

எலும்பு கூடுவது பொதுவாக இரண்டு மூன்று மாதத்தில் எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். அப்புறம்தான் பெரிய ஏமாற்றம் வரும். கூடிவிட்டது என்று சொல்லிவிட்டார்களே, ஏன் இன்னும் இப்படி? எலும்பு கூடுவதும் முட்டி தேறுவதும் ஒன்றாக நடப்பதில்லை. 2012ல் வெளிவந்த ஒரு ஆய்வில், ஆபரேஷன் செய்துகொண்ட 40 பேரைச் சராசரியாக ஆறரை வருடம் கழித்துக் கூப்பிட்டு அளந்து பார்த்தார்கள். அத்தனை வருடம் கழித்தும் காலை நீட்டும் பலம் நல்ல காலைவிடச் சராசரியாகக் கால்பங்கு குறைவு. கம்பி, ஸ்க்ரூ வைத்துச் சேர்த்தவர்களில் பாதிக்கு மேல் பேருக்குத் தொல்லை தாங்காமல் அதை எடுக்க வேண்டியிருந்தது. சின்ன ஆய்வுதான், ஆனால் என் முட்டி எனக்குச் சொன்னதும் அதேதான், அதனால் இதைப் படித்தபோது ஆறுதலாக இருந்தது. மூன்றாம் மாதத்தில் யாராவது எனக்கு இதைச் சொல்லியிருந்தால் நான் ஏதோ தப்பாகச் செய்கிறேன் என்று அத்தனை இரவுகள் நினைத்திருக்க மாட்டேன்.

கம்பியை எடுப்பதா விடுவதா என்பது இப்போது வருகிறது. விட்டுவிடுவதற்கு நல்ல காரணங்கள் இருக்கின்றன: இன்னொரு மயக்கம், அதே தழும்பில் இன்னொரு கீறல், சின்ன அளவில் என்றாலும் சீழ் பிடிக்கும் ஆபத்து. தொந்தரவு இல்லாத கம்பியை எடுக்க வேண்டிய அவசியமே இல்லை, உள்ளே இரும்பு இருக்கிறதே என்ற மனக்குறைக்காக மட்டும் எடுக்க வேண்டாம். எடுப்பதற்குக் காரணம் என்றால், நுனி தோலுக்கடியில் முட்டுவது, கம்பி உடைந்து நகர்வது, சீழ். என் விஷயத்தில் மேல்பக்க நுனி பென்சில் முனை மாதிரி தோலைத் தூக்கிக்கொண்டு நின்றது, பேன்ட் துணி அதன்மேல் உரசும் ஒவ்வொரு அடியும் தெரியும், இரவில் போர்வை பட்டால் விழித்துக்கொள்வேன்.

முடிவெடுக்க எனக்கு உதவியது ஒரு பேனா. வலிக்கும்போதெல்லாம் ஒரே விரலால் தொட்டு வலி எங்கே என்று தோலில் புள்ளி வைத்தேன், ஒரு வாரம். எல்லாப் புள்ளியும் அந்த நுனியைச் சுற்றியே விழுந்தன. அப்படி விரல்நுனி அளவுக்கு இடம் காட்ட முடிகிற வலி என்றால் கம்பியை எடுத்தால் போக நல்ல வாய்ப்பு உண்டு. மாறாக, படி இறங்கும்போதும் நெடுநேரம் உட்கார்ந்து எழும்போதும் சில்லுக்குப் பின்னால் ஆழமாக, இடம் காட்ட முடியாமல் வலிக்கிறது என்றால் அது குருத்தெலும்பிலிருந்தோ தசை பலவீனத்திலிருந்தோ வருகிற வலி, கம்பியை எடுத்தாலும் அது அப்படியே இருக்கும். இந்த இரண்டாவது வகை வலிக்காகக் கம்பியை எடுத்துவிட்டு ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு ரொம்பக் கஷ்டப்படும். தழும்புக்குக் கீழே வெளிப்பக்கமாக மரத்துப்போயிருப்பதும் கம்பியால் அல்ல, கீறும்போது ஒரு சின்ன நரம்புக் கிளை அறுபடுகிறது, அதுவும் எடுத்தால் திரும்பாது.

எப்போது எடுப்பது என்பதில் அவசரம் வேண்டாம். எலும்பு நன்றாகக் கூடியது எக்ஸ்ரேயில் உறுதியாகத் தெரிய வேண்டும், பல டாக்டர்கள் ஒரு வருடம்வரை காத்திருக்கச் சொல்வார்கள். நான் பதினாலாவது மாதத்தில் எடுத்தேன். காலையில் போய் மாலையில் வீட்டுக்கு வந்துவிட்டேன், அன்றே ஊன்றி நடந்தேன், முதல் ஆபரேஷனோடு ஒப்பிடவே முடியாது. கம்பி இருந்த துளைகள் எலும்பால் நிரம்பும்வரை சில வாரங்கள் குதிக்காமல், ஓடாமல், மறுபடி விழாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

எடுத்தபின் பேன்ட் உரசும் வலி முதல் வாரத்திலேயே போனது. மடக்கம் ஒரு டிகிரிகூட மாறவில்லை, 125ல் இருந்தது 125லேயே இருக்கிறது. மண்டியிட்டால் மெத்தை இருந்தாலும் ஐந்து நிமிடத்துக்கு மேல் முடிவதில்லை. படி இறங்கும்போது இருந்த ஆழமான வலி அதற்கப்புறமும் ஏழெட்டு மாதம் இருந்தது, அது குறைந்தது தாழ்ந்த ஒரு படியில் நின்று, அடிபட்ட காலை மேலே வைத்துக்கொண்டு, மறு காலின் குதிகாலை மெதுவாகத் தரையில் தொட்டு எடுக்கிற பயிற்சியைத் தினமும் செய்ததால். இன்றும் செய்கிறேன்.